பெண் வீட்டுச் சாட்சி

பட்டாபிராம்
8.11.1987

தங்கை சௌந்தரிக்கு,

இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். உன் கடிதம் ஒரு வாரமாக மேசை மேல் கிடக்கிறது. நீயும் பிலோமினாவும் சுகம் என்று எழுதியிருந்தாய்; சந்தோஷம். என் சுகத்தைப் பற்றியதுதான் இந்தக் கடிதம் முழுவதும். அதை ஒரு வரியில் முடிக்க முடியாது.

மே மாதம் அம்பத்தூரில் பிலோவுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண்ணைத் தாய்மாமன்தான் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும், பெண் வீட்டுச் சாட்சியாகக் கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "என் கல்யாணத்தில் செய்தது போல இதிலும் செய்துவிடாதீர்கள்" என்று ஒரு வரி.

உன் கல்யாணத்தில் நான் என்ன செய்தேன் என்று உங்களில் ஒருவராவது என்னைக் கேட்டதுண்டா? சாமியார் பேனாவை நீட்டினார். மேசையைச் சுற்றிக் கூட்டம். நான் வெளியே போய்விட்டேன். சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்குத் தங்கையைக் கொடுக்க மனமில்லை, எம்.ஏ. படித்த திமிர் என்று அப்பா முடிவு கட்டினார். அந்த முடிவோடுதான் கல்லறைக்கும் போனார். நானும் திருத்தவில்லை. உண்மையைச் சொல்லி வாங்கியிருக்கக்கூடிய பெயரைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பெயர் கௌரவமாக இருந்தது.

விஷயம் இதுதான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கையெழுத்துப் போட வராது. கை விறைத்துவிடும். வியர்த்து, என் பேரே எனக்கு மறந்துபோகும். தனியாக இருந்தால், இதோ பார், எவ்வளவு ஒழுங்காக எழுதுகிறேன். பந்தியில் உட்காருவதும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பதும் இதே கதைதான். பதவி உயர்வுக்கு நேர்முகம் வரும்போதெல்லாம் ஜுரம் என்று எழுதிக் கொடுத்தேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பாஸ்கரன் இன்று எனக்கு மேலதிகாரி. போன மாதம் சம்பளப் பட்டியலில் நான் போட்ட கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லையாம். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "எட்மண்ட் சார், இது உங்க கையெழுத்துதானா? இன்னொரு தடவை போடுங்க, நாங்க எல்லாரும் பார்க்கிறோம்." எல்லோரும் பார்த்தார்கள்.

அலுவலக டாக்டர், "நோய் கையில் இல்லை" என்று சொல்லி, மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் என்ன சொல்கிறாரோ, அதற்குப் பிறகுதான் உனக்கு நான் பதில் சொல்ல முடியும். இது உன்னோடு இருக்கட்டும். பிலோவுக்கு என் ஆசீர்.

அண்ணன்
எட்மண்ட்

*

சேசு மரி சூசை

மாரிகுப்பம், கோலார் தங்கவயல்
21.11.1987

பாசமுள்ள அண்ணாவுக்கு, சௌந்தரி எழுதுவது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முழங்கால் வலியைத் தவிர மாதா புண்ணியத்தில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் உடம்பை நினைத்துத்தான் கவலை.

கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு கோபமும் வந்தது. கை வரவில்லை என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிலோவின் அப்பா சாகிற தறுவாயில்கூட "உங்கண்ணன் வந்தானா?" என்றுதான் கேட்டார். போகட்டும்.

இதற்குப் போய் மனநல டாக்டர் எதற்கு அண்ணா? இது நரம்புத் தளர்ச்சி. முருங்கைக்கீரை சாப்பிடுங்கள். வேளாவேளைக்குத் தூங்குங்கள். தனியாகவே இருந்து இருந்துதான் இப்படி ஆகிவிட்டது. சம்பந்தி ராயப்பன் தங்கமான மனுஷர். ஆனால் அவர் சம்சாரம் பெண் பார்க்க வந்தபோதே, "உங்க குடும்பத்துல யாருக்காவது ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அதனால் பயப்படாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன். மாதாவிடம் மட்டும் சொல்வேன்.

கல்யாணத்துக்கு நீங்கள்தான் நிற்க வேண்டும். அதில் மாற்றமில்லை.

உங்கள் தங்கை
ஞானசௌந்தரி

*

பட்டாபிராம்
13.12.1987

சௌந்தரிக்கு,

உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடுபண்ணித் தேய். முருங்கைக்கீரை பற்றிய உன் யோசனை கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த நோய்க்காரன் முதலில் ஒரு பெரிய கூடத்தில், சுவரோரம் போட்ட பெஞ்சியில், ஊர் பார்க்க உட்கார வேண்டும். பிறகு ஒரு ஆள் வந்து பேரைச் சொல்லிக் கத்துவான். "எட்மண்டு! யாருபா எட்மண்டு? மண்டைக்குப் பாக்குற டாக்டர் சீட்டு இங்க கீது, ஆளு எங்க?" நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த கிழவர், "நீ இல்லியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். கூடம் காலியான பிறகு போய்ச் சீட்டை வாங்கிக்கொண்டேன். டாக்டர் ஒருவர்தான்; புதிதாக வருகிறவர்களுக்கு மார்ச் 16தான் நாளாம். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். "இன்னா செய்வ, வெய்ட் பண்ணு" என்றான்.

இன்னொன்று. எங்கள் காம்பவுண்டில் பக்கத்துப் போர்ஷனில் வேம்புலி என்று ஒருவன். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறான். பேசாமல் இருக்கத் தெரியாதவன். போன வாரம் பதிவுத் தபால் வந்தது. நான் போஸ்ட்மேனைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வேம்புலி பார்த்துவிட்டான். "இன்னா சார், உன் கையெயுத்து இன்னா குளிக்கப் போவுதா, அவர திரும்பிக்கினு நிக்கச் சொல்ற?" என்றான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கேட்டுவிட்டுச் சொன்னான்: "டாக்டர் வர்ற வரிக்கும் சொம்மாதான குந்திகினு கீற? நான் பாக்குறேன், நீ போடு." தினமும் வேலை முடிந்து வந்து என் வாசற்படியில் உட்கார்ந்து பார்க்கிறான். எனக்கு ஒரு எழுத்துக்கூட வரவில்லை. அவன் பீடி பிடித்துவிட்டுப் போகிறான்.

எட்மண்ட்

*

சேசு மரி சூசை

மாரிகுப்பம்
2.1.1988

அன்பு அண்ணாவுக்குப் புது வருட வாழ்த்து. நாங்கள் நலம். பண்டிகைக்குக் கல்கல் சுட்டேன், உங்களுக்குக் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை. அந்த வேம்புலி குடிக்கிறவனா? பார்த்து நடந்துகொள்ளுங்கள். மீதியைப் பிலோ எழுதுகிறாள்.

மாமா, அம்மா அந்தண்டை போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். எனக்கும் கூட்டம் என்றால் உதறல்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடியவளை அடக்கமான பெண் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் வாருங்கள் மாமா. நாம் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்போம். கம்பளம் எங்கே முடிகிறதோ அங்கே நின்றுவிடலாம்.

பிலோமினா

*

பட்டாபிராம்
7.2.1988

சௌந்தரிக்கு,

உனக்கும் பிலோவுக்கும் சுகம் கேட்டு எழுதுகிறேன். வேம்புலி குடிக்கிறவன்தான். சனிக்கிழமை மட்டும்.

அவன் பார்க்க இப்போது என்னால் கையெழுத்துப் போட முடிகிறது. பழைய பேப்பர் ஓரங்களில் நூற்றுக்கணக்கில் எட்மண்ட் எட்மண்ட் என்று கிடக்கிறது. முதலில் 'எ' வந்தது. பல நாள் 'எ'தான். பிறகு ஒரு சாயங்காலம் முழுப் பேரும் வந்துவிட்டது. உடனே வேம்புலி தன் சம்சாரத்தைக் கூவி அழைத்தான். "அடியே குப்பம்மா, இங்க வந்து சார் கையெயுத்து போடறதப் பாரு!" அந்த அம்மாள் கரண்டியோடு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். போட்டேன். "இத்தப் பாக்கவா கொயம்ப அடுப்புல வுட்டுட்டு ஓடியாந்தேன்? கோயி கிளறுன மாரி கீது" என்றாள். வேம்புலி சிரித்தான். நானும் சிரித்தேன் சௌந்தரி. சிரிக்கும்போதும் கை ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மாதச் சம்பளத்துக்கு வரிசையில் கடைசி ஆளாக நின்று போட்டேன். கோணல்தான். பாஸ்கரன் ஒன்றும் சொல்லவில்லை; சொல்ல முடியாமல் போனதில் அவனுக்கு வருத்தம் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள கோயிலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். பக்தி ஒன்றும் வந்துவிடவில்லை. மே மாதம் ஒரு கோயிலுக்குள் நடக்க வேண்டுமே, அதற்காக. கடைசி வரிசை, கதவோரம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அதுதான் வசதி.

டாக்டரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பிலோவிடம் சொல்: கம்பளம் எவ்வளவு நீளம் என்று அம்பத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீளம்தான். நடக்கலாம்.

எட்மண்ட்

*

சேசு மரி சூசை

மாரிகுப்பம்
10.3.1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குப் பிடிபடாத சந்தோஷம். கோயிலுக்குப் போகிறீர்கள் என்று எழுதியதை மாதா படத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டினேன். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, மே 18. உங்களுக்காக இங்கிருந்தே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன். பலன் கிடைக்கும்போது உங்களுக்கே தெரியும்.

சௌந்தரி

*

பட்டாபிராம்
23.3.88

அக்காவுக்கு வேம்புலி எய்திகிறது. சார் பக்கத்து ஊடு. உங்க அட்ரஸ் சார் வாசல்ல கடந்த லெட்டர் பின்னால பாத்து எய்திறேன். அந்த லெட்டர் இன்னும் பிரிக்கல.

13ந் தேதி ஞாயித்துக்கெயமை சார் கோயிலுக்குப் போச்சு. திரும்பி வந்து கதவ சாத்திகிச்சி. அன்னிலேந்து என்னாண்ட பேச்சு இல்ல. ஆபீசுக்கும் போவல. 16ந் தேதி நான் லீவு போட்டு, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்னு வந்து கதவ தட்னேன். "போய்டு வேம்புலி"ன்னு உள்ளேந்து ஒரே வார்த்த. இன்னா நடந்துதுன்னு தெரியல. குப்பம்மா சோறு வெச்சா ராத்திரி எடுத்துக்குது, அது ஒண்ணுதான் நிம்மதி. கோயில்ல யாராவது இன்னாவது சொல்லிட்டாங்களான்னு உங்களுக்குத் தெரிஞ்சா கேளுங்க. நல்லாதான் இருந்துச்சி அக்கா. பேரு முச்சூடும் போட்டுகினு இருந்துச்சி.

வேம்புலி

*

சேசு மரி சூசை

மாரிகுப்பம்
27.3.1988, குருத்து ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

அந்த வேம்புலியின் கார்டு வந்தது. பதறிப்போனேன். பிறகு யோசித்தேன்: 13ஆம் தேதி நடந்தது கெட்டதாக எப்படி இருக்க முடியும்? அன்றைக்குத்தானே உங்களுக்காகப் பூசை!

நான் செய்த நல்ல காரியம் அதுதான். உங்கள் ஊர்க் கோயில் பங்குச் சாமியாருக்குப் பூசைக் காணிக்கை அனுப்பி, வேண்டுதல் கருத்தை விவரமாக எழுதியிருந்தேன். ஞாயிறு பெரிய பூசையில் வைப்பதாகப் பதில் போட்டிருந்தார். மைக்கில் உங்கள் பேரை வாசித்தார்களா? எத்தனை குடும்பம் ஒரே நேரத்தில் உங்களுக்காக வேண்டியிருக்கும்! எனக்கு அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது.

சில சமயம் குணமாகும் முன்னால் கொஞ்சம் கூடுமாம். கதவைத் திறந்து சாப்பிடுங்கள்.

சௌந்தரி

*

பட்டாபிராம்
17.4.1988

சௌந்தரிக்கு,

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஆமாம், வாசித்தார்கள். "மனநோயால் அவதிப்படும் சகோதரர் எட்மண்ட் குணம் பெற வேண்டி, தங்கை ஞானசௌந்தரி, கோலார் தங்கவயல்." வெளியே புளிய மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. சாமியார் நல்லவர், வாசித்ததோடு விடவில்லை. "இவர் நம்ம பங்கிலேயே இருக்கிறாராம். இங்கே வந்திருந்தால் அவருக்காக எல்லோரும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவோம்" என்றார். முன் வரிசையிலிருந்து ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கதவோரம் உட்கார்ந்திருந்தவர்களில் நான் ஒருவன்தான் வியர்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. நான் எழுந்தபோது செபக் குழுப் பெண்கள் வழியை மறித்துத் தலையில் கை வைத்தார்கள். "பயப்படாதீங்க பிரதர், சேசு பேரைச் சொல்லிப் பிசாசைக் கட்டுங்க, போயிடும்" என்றாள் ஒருத்தி.

மாதாவிடம் மட்டும் சொல்வேன் என்று எழுதியிருந்தாய்.

அலுவலகத்திலும் தெரிந்துவிட்டது. "சார், எங்க இன்கிரிமென்ட்டுக்கும் ஒரு பூசை வெக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். 16ஆம் தேதி அந்தக் கூடத்தில் போய் உட்கார என்னால் ஆகவில்லை. போன வாரம் போனேன். அந்த டாக்டருக்கு மாற்றலாகிவிட்டது. புதியவர் எப்போது வருவார் என்று தெரியாது, வந்தால் கார்டு போடுவார்களாம்.

வேம்புலி மறுபடி வாசற்படியில் வந்து உட்காருகிறான். 'எ'கூட வரவில்லை. "பரவால்ல சார், நான் சொம்மா குந்திகினு கீறேன்" என்கிறான்.

எட்மண்ட்

*

சேசு மரி சூசை

மாரிகுப்பம்
4.5.1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சகத்தில் அவசரப்படுத்தியதால் உங்கள் பேர் விட்டுப்போய்விட்டது, வித்தியாசமாக நினைக்க வேண்டாம். பிலோவை அவள் சித்தப்பா தேவராஜ் கைபிடித்துக் கூட்டிப்போவார், சாட்சிக் கையெழுத்தும் அவரே. உங்களுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான். சம்பந்தியம்மாள் பட்டாபிராமில் தனக்கு ஒரு ஒன்றுவிட்ட அக்கா இருப்பதாகச் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்தால் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

சௌந்தரி

மாமா, நான் கேட்டுப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. நான் தரையைப் பார்த்துத்தான் நடப்பேன். பி.

*

சேசு மரி சூசை

மாரிகுப்பம்
24.5.1988

அண்ணாவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் வரவில்லை. பந்தியில் ஆள் ஆளாகக் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் எத்தனை தூரம்? ரயிலில் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அப்பா அன்றைக்குச் சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சௌந்தரி

*

பட்டாபிராம் தபால் நிலையம்
6.6.1988

சௌந்தரிக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அன்றைக்குப் பீடத்தின் படியேறும்போது இடது காலை இழுத்து வைத்தாய்.

நான் வந்திருந்தேன். வேம்புலிதான் கூட வந்தான், அவனிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையில். கோயிலின் பக்கவாசலுக்கு வெளியே, சைக்கிள்களுக்கு நடுவில் நின்றோம். பிலோ வந்தாள். சொன்னபடியே தரையைப் பார்த்து நடந்தாள். தேவராஜ் கூட்டத்துக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார். கம்பளம் முடிந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். சாமியார்தான் இன்னும் கொஞ்சம் முன்னே வரச் சொன்னார். அவள் எதற்காக நின்றாள் என்று அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு பதிவேட்டைத் திறந்தார்கள். நீ முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். மாப்பிள்ளை வீட்டுச் சாட்சி போட்டாயிற்று. "பெண் வீட்டுச் சாட்சி?" என்றார் சாமியார் மைக்கில். தேவராஜைக் காணோம். பந்தி வேலையைப் பார்க்கப் போய்விட்டார் போலிருக்கிறது. "பெண் வீட்டுச் சாட்சி யாரும்மா? வாங்க." பிலோ தலையைத் தூக்கிப் பக்கவாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா, வெயிலைப் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. வேம்புலி என் முதுகில் கை வைத்தான். "உன்னத்தான் கூப்புடறாங்கோ. போ சார். நான் இங்கேந்து பாத்துகினு கீறேன், போ."

மேசை அங்கேதான் இருந்தது. பேனா அதன்மேல் திறந்து கிடந்தது. என் கால் வாசற்படியில் ஏறியது. அவ்வளவுதான் ஏறியது. தேவராஜ் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து போட்டுவிட்டார். நாங்கள் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டோம். வழியெல்லாம் வேம்புலி பேசவில்லை. அவன் பேசாமல் வந்து நான் பார்த்ததில்லை.

அப்பா சொன்னது சரியா தப்பா என்று உனக்கு இனி நான் நிரூபிக்கப் போவதில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வரவில்லை.

இதை வீட்டில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். வேம்புலி விடவில்லை. "ஊட்ல குந்திகினு எய்தினா அது இன்னா எய்துறது, ஜனம் கீற எடத்துக்கு வா சார்" என்று இங்கே இழுத்து வந்துவிட்டான். கோந்துச் சட்டிக்குப் பக்கத்தில், சணலில் கட்டிய பேனாவால், நின்றுகொண்டு எழுதுகிறேன். எழுத்து எங்கெங்கே உடைந்திருக்கிறதோ அங்கெல்லாம் யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள் என்று வைத்துக்கொள். கடிதத்தை எப்படியோ முடித்துவிட்டேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பின்னால் ஒருவர் கோந்துக்காக நிற்கிறார். "சீக்கிரம் முடி சார், கதவு சாத்திடுவாங்க" என்கிறார். பேனா அதே இடத்தில் நின்று மை ஊறி ஒரு பொட்டு விழுந்துவிட்டது, கீழே பார். "நான் வேணா போட்டுடட்டா சார்?" என்று வேம்புலி காதில் கேட்கிறான். வேண்டாம் என்றேன். பிலோவிடம், வெயில் இல்லை, நான்தான் என்று சொல். எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். மடித்து ஒட்டி, கையெழுத்துப் போடாமலே இதைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.